கடைசியில் கிடந்த ஆக்னஸ்

ஜோபின், எனக்க மக்கா ஜோபின்.

இந்த வாரம் உன்னைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன வாரம் அம்மை மீன் பெட்டியோடு கருங்கல் சந்தைக்குப் போன கதையை எழுதியிருந்தேன். அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அம்மை சொன்னாள், "எங்கதைய ஊரெல்லாம் பறஞ்சாச்சு. அவன் கதைய எப்பம் பறயப் போறா?" உன் பேரை ஒரு தாளில் எழுதிப் பார்க்கவே எனக்கு இத்தனை வாரம் ஆகியிருக்கிறது.

உன்னை நினைத்தால் முதலில் வருவது அந்த ஒரு சாயங்காலம்தான்.

செபமாலை முடிந்த நேரம். அம்மை இன்னும் பாயை விட்டு எழும்பவில்லை. மாதா படத்துக்கு முன்னால் ஏற்றின மெழுகுதிரியை யாரும் அணைக்கவில்லை. அடுப்படியிலிருந்து சாளை மீன் குழம்பின் மணம் வந்துகொண்டிருந்தது. நீ உன் பழைய போனை என் மடியில் தூக்கிப் போட்டாய்.

"எக்கா, பேரு போடு. பிள்ளேளு எல்லாம் உள்ள வந்தாச்சு."

"என்ன பேருலே?"

"ஏதாவது ஒரு போட்டுக்க பேரு. உனக்க சொந்தப் பேரப் போட்டா நாளைக்கு கிளாசில என்ன வச்சு சிரிப்பினும்."

போட்டு என்றால் எங்களுக்கு மீன்பிடிப் படகு. எனக்குச் சொந்தம் என்று சொல்ல ஒரு வள்ளம்தான் தெரியும். நம் அப்பா ஓட்டியது. அதன் பேரை அடித்தேன். ஆக்னஸ். அது அம்மையின் பேரும்கூட.

போனில் கணக்குக் கேள்வி வந்தது. கீழே நாலு கலரில் நாலு விடை. மேலே ஒரு வட்டம் சுற்றிச் சுற்றிச் சின்னதாகிக்கொண்டே வந்தது. அது முடிவதற்குள் ஒரு கலரைத் தொட வேண்டும். நான் பயத்தில் கண்டதைத் தொட்டேன். எல்லாம் முடிந்து வரிசை வந்தபோது ஆக்னஸ் அடியில் கிடந்தாள்.

அம்மை என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"எனக்க பேருல்லா அது? எதுக்குட்டி எனக்க பேரக் கொண்டு கடைசியில போட்டிருக்கா?"

"நான் எங்க போட்டேன்? மார்க்கு கொண்டு போட்டுது."

"உனக்க மார்க்குக்கு எனக்க பேருதானா கெடச்சு? கர்த்தாவே."

நீ சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது.

கணக்கு மட்டும் நின்றது

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதலில் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஜோபின் என் ஒரே தம்பி. இனயத்துக்குப் பக்கத்தில் கடலோரத்தில்தான் எங்கள் வீடு. அவன் அடுத்த ஊரில் சிஸ்டர்மார் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் கணக்கு சார். பத்தாம் வகுப்புக்கு எடுத்தான்.

நான் ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவள். அப்பா ஒரு நாள் காலையில் வள்ளத்தைக் கரையேற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழும்பவில்லை. வள்ளத்தை விற்றோம். அம்மை பெட்டியைத் தலையில் தூக்கினாள். தம்பி சின்னவன். வீட்டில் ஒரு ஆள் வேண்டியிருந்தது. உள்ளதைச் சொன்னால், பள்ளிக்கூடம் போகவில்லை என்று நான் அப்போது அழவில்லை. கணக்கு டீச்சரிடமிருந்து தப்பித்தோம் என்றுதான் இருந்தது.

ஆசை பிறகுதான் வந்தது. எங்கள் ஊர் அங்கன்வாடியில் உதவிக்கு நின்றேன். அரிசி கழுவுவது, பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பது, கால் கழுவி விடுவது. அந்தப் பிள்ளைகளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அங்கே இருந்த டீச்சர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்தபோது, அந்த இடத்துக்கு நான் வரலாமா என்று மனசு கேட்டது. அதற்குப் பத்தாம் வகுப்பு பாஸாகியிருக்க வேண்டும்.

ஜோபின் விடவில்லை. தனித் தேர்வராக எழுத வைத்தான். தமிழ், இங்கிலீஷ், மற்றதெல்லாம் எப்படியோ ஏறிவிட்டது. கணக்கு மட்டும் நின்றது. இன்னொரு முறை எழுதினேன். அப்போதும் நின்றது. டீச்சர் போகிற காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. வருகிற பரீட்சையிலும் நின்றால் வேறு யாராவது அந்த நாற்காலியில் வந்து உட்காருவார்கள். நான் கால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அவன் எனக்கு வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தான். தம்பி அக்காவுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தால் வீட்டில் ஒரு பாத்திரமும் மிஞ்சாது. "இதக்கூடத் தெரியேல்லியா" என்று அவன் வாய்விட்டுச் சொல்லமாட்டான். ஆனால் மூச்சு விடுவான் பாருங்கள், நீளமாக ஒரு மூச்சு. அதைக் கேட்டதும் எனக்குக் கரண்டி கையில் வந்துவிடும்.

பிறகு போனில் வீடியோ போட்டுக் கொடுத்தான். யாரோ ஒரு மனுஷன், முகம்கூடக் காட்டமாட்டார், கரும்பலகையில் கை மட்டும் தெரியும். ஒரு கணக்கை எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம். அவருக்கு அலுப்பே வராது. பத்தாவது முறையும் அதே அன்பான குரலில், "இப்போது இந்தப் பக்கத்தைப் பார்ப்போம்" என்பார். மீன் கழுவிக்கொண்டே கேட்பேன். அந்த மனுஷன் யாரோ, எந்த ஊரோ. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

ஆனாலும் வீடியோ கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். தாளை எடுத்தால் ஒன்றும் வராது. "உனக்கு கூடப் படிக்கியதுக்கு ஆளு வேணும் எக்கா" என்றான் ஜோபின். அப்படித்தான் என்னைத் தன் வகுப்புக்குள் யாருக்கும் தெரியாமல் கொண்டு நுழைத்தான்.

பாதிப் பேருக்கு ஒரே பேர்

அந்த வருஷங்களில்தான் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் டச் போன் வந்தது. கல்ஃபில் இருக்கிற அண்ணனோ மாமனோ கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள். ஜோபின் அதைப் பிடித்துக்கொண்டான். செபமாலை முடிந்ததும் பிள்ளைகள் அம்மையின் போனை வாங்கி அவன் அனுப்புகிற லிங்கைத் தொட வேண்டும். கேள்வி வரும். மறுநாள் காலையில் வகுப்பில் லேப்டாப்பைத் திறந்து, எந்தக் கணக்கு பாதிப் பேருக்குத் தப்பியதோ அதை மட்டும் எடுத்து நடத்துவான்.

வகுப்பில் ஒரு நாளும் கை தூக்காத பிள்ளைகள்கூட இதில் பதில் சொன்னார்கள். முகம் தெரியாது அல்லவா. தப்பினாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

முதல் நாளே ஒரு குழப்பம். அந்த ஊரில் பாதிப் பேருக்குக் கோயில் புனிதரின் பேர்தான். ஆண் பிள்ளைகளில் திரும்பின பக்கமெல்லாம் ஆன்றோ. பெண் பிள்ளைகளில் சகாய என்று தொடங்காத ஆள் குறைவு. வரிசையில் எந்த ஆன்றோ எந்த ஆன்றோ என்று ஜோபினுக்கே தெரியவில்லை.

கடற்கரையில் ஒரு பிள்ளையை யார் வீடு என்று அறிய வேண்டுமானால் "எந்த போட்டு?" என்றுதான் கேட்பார்கள். பிள்ளைகளே அதைச் சொன்னார்கள். "சாரே, போட்டு பேரு போட்டா போதும்." அன்றிலிருந்து வரிசையைப் பார்த்தால் துறைமுகம் மாதிரி இருக்கும். ஜெயமாதா முதலில், கடல்ராணி இரண்டாவது, லூர்து அன்னை என்று வரிசையாகப் போய், அடியில் விண்ணரசி நிற்கும். எல்லாவற்றுக்கும் பின்னால் ஆக்னஸ்.

எங்கள் பக்கத்தில் போட்டு என்றால் என்னவென்று உள்நாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். புதுப் போட்டு இறக்கும்போது சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். பேர் எழுதுகிற அன்றைக்கு வீட்டில் விருந்து. அது பிறகு வீட்டில் ஒரு ஆள். பிள்ளையைத் திட்டினால் பொறுத்துக்கொள்கிற பெண்கள்கூடப் போட்டைச் சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். இது ஜோபினுக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தும் மறந்துவிட்டான்.

விண்ணரசிக்கு வந்த கோபம்

ஒரு நாள் வரிசையைப் போட்டோ எடுத்து வகுப்பு குரூப்பில் போட்டுவிட்டான். அந்தக் குரூப்பில் அம்மைமார் இருந்தார்கள், கல்ஃபில் இருக்கிற அப்பன்மார் இருந்தார்கள், கொச்சியில் போட்டு கட்டிக் கிடக்கிறவர்களும் இருந்தார்கள். சாயங்காலத்துக்குள் கொச்சி துறைமுகம் முழுக்கச் சேதி போய்விட்டது. விண்ணரசி போட்டுக்காரர்களைப் பார்த்து மற்றவர்கள் கேட்டார்களாம், "என்னடே, மாதா பின்னால போயிட்டாளாமே. எஞ்சின் மாத்தணுமோ?"

விண்ணரசியின் முதலாளி வின்சென்ட் அண்ணன் அப்போது லீவுக்கு ஊரில் இருந்தார். காலையில் நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். அன்று சாயங்காலம் ஜோபின் எங்களுக்கு அதை நடித்தே காட்டினான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வின்சென்ட் அண்ணன் மாதிரியே நெஞ்சைத் தள்ளிக்கொண்டு.

"சாரே, மாதாக்க பேரு அது. சாமியார் மந்திரிச்ச போட்டு. அதக் கொண்டு கடைசிக்குப் பக்கத்துல போட்டிருக்கிய. நல்லாருக்கா இது? மீன் கெடைக்கேல்லண்ணா ஆரு பதில் சொல்லியது?"

பெரிய சிஸ்டர் சத்தம் கேட்டு வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும், "சார், இன்றோடு இதை நிறுத்திவிடுங்கள். போனும் வேண்டாம், போட்டும் வேண்டாம்" என்றாராம்.

இதைக் கேட்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. பரீட்சைக்கு அதிக நாள் இல்லை. அதற்குள் நான் முக்கோணவியலில் பாதிக் கேள்விக்குச் சரியாகத் தொட ஆரம்பித்திருந்தேன். வரிசையில் கடைசிதான், ஆனால் எனக்கும் எனக்கு முன்னால் நிற்கிற விண்ணரசிக்கும் நடுவில் இருந்த தூரம் குறைந்து வந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"அப்ப நிப்பாட்டியாச்சா?" என்று கேட்டேன்.

"முழுசும் கேளு" என்றான்.

வின்சென்ட் அண்ணனின் மகள் ஜெனிபா வகுப்பில் எழும்பி வாசல் வரைக்கும் வந்தாளாம். அதிகம் பேசாத பிள்ளை. "அப்பா, மாதா ஒண்ணும் பின்னால போகேல்ல. நான்தான் போனேன். எனக்கு முக்கோணம் தெரியாது."

வின்சென்ட் அண்ணன் மடித்துக் கட்டின கைலியை அவிழ்த்து விட்டாராம்.

"தெரியாதுண்ணா படிச்சிட்டு மேல ஏறுட்டி."

"எப்பிடி ஏற? சிஸ்டர் நிப்பாட்டியாச்சே."

அவர் சிஸ்டர் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், இப்பம் நிப்பாட்டப்படாது. இப்பம் நிப்பாட்டினா எனக்க போட்டு ஆயுசுக்கும் அங்கதான் கெடக்கும். ஏறின பெறகு நிப்பாட்டுங்க."

சிஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். போட்டோ மட்டும் குரூப்பில் போடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வின்சென்ட் அண்ணன் கேட்டைத் தாண்டும்போது திரும்பி வந்து ஜோபினிடம் தணிந்த குரலில் கேட்டாராம்.

"சாரே, நமக்குக் கீழயும் ஒண்ணு கெடக்கே, ஆக்னஸ். அது ஆருக்க போட்டு? இந்த ஊருல அப்பிடி ஒரு போட்டு நான் கண்டதில்லியே."

"அது கொஞ்சம் தூரத்துப் போட்டு அண்ணா."

"பாவம்" என்றாராம் வின்சென்ட் அண்ணன்.

இதைச் சொல்லி முடிக்க முடியாமல் ஜோபின் தரையில் உட்கார்ந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அம்மை மட்டும் சிரிக்கவில்லை. "என்னப் பாத்து பாவம்ணு சொல்லியதுக்கு அவன் ஆரு?" என்று கேட்டாள். எங்களுக்கு இன்னும் சிரிப்பு கூடியது.

அறிக்கையில் வந்த பேர்

ஒரு காய்ச்சல். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கு ஜோபின் நடந்துதான் போனான். ஆட்டோ பிடிக்கட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்றான். டாக்டர்கள் எவ்வளவோ பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவன் திரும்பி வரவில்லை.

அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இப்போது தெரியவில்லை.

அடக்கத்துக்கு அவன் பள்ளிக்கூடமே வந்திருந்தது. யூனிபார்மோடு வரிசையாக நின்றார்கள். கோயிலில் சாமியார் அறிக்கை வாசித்தார். "காலஞ்சென்ற மரியதாசன், ஆக்னஸ் தம்பதியரின் மகன் ஜோபின்." அப்போது பிள்ளைகள் நின்ற பக்கத்தில் ஒரு சலசலப்பு வந்தது. எனக்கு ஏனென்று புரியவில்லை. புரிந்துகொள்கிற நிலையிலும் இல்லை.

பரீட்சை எழுத வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. செபமாலை முடிகிற நேரம் வரும்போது போனை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவேன்.

ஏழாம் நாள் செபத்துக்கு ஜெனிபாவும் இன்னும் கொஞ்சம் பிள்ளைகளும் வந்தார்கள். செபம் முடிந்து காப்பி குடித்த பிறகும் போகவில்லை. ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஜெனிபாதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எக்கா, ஒண்ணு கேட்டா ஒண்ணும் நெனைக்கமாட்டியளே?"

"கேளு மக்கா."

"ஆக்னஸ் உங்க அம்மையா?"

"ஓம்."

"இல்ல, குவிசுல வாற ஆக்னஸ். அது ஆரு?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நான்தான்" என்றேன். "கடைசியில கெடக்குமே, அது நான்தான்."

பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. ஜெனிபா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எக்கா, நீங்க வரணும். நாங்க குவிஸ் நடத்தப் போறோம். சாரில்லேண்ணாலும் பரீட்சை வரும்லா."

"எனக்கு மனசில்ல மக்கா. நீங்க நல்லாப் படிங்க."

"நீங்க வரேல்லண்ணா பெறகு நான்தான் கடைசி." அவள் குரல் உடைந்துவிட்டது. "எங்கப்பா கொச்சியில இருந்து தெனமும் போன் போட்டுக் கேப்பாவ, ஆக்னஸ் இண்ணைக்கும் நமக்குக் கீழதானேண்ணு. ஆக்னஸையே காணேல்லண்ணா நான் என்ன சொல்ல?"

அவன் போன பிறகு முதன்முதலாக எனக்குச் சிரிப்பு வந்தது அப்போதுதான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அம்மை அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எழும்புட்டி" என்றாள் என்னைப் பார்த்து. "அந்தப் பிள்ள கேக்குதுல்லா. போனை எடு."

பிள்ளைகள் போட்ட கணக்கு

குவிஸ் நடத்துகிற வெப்சைட்டில் ஜோபின் பேரில் இருந்த கணக்கு பூட்டிக் கிடந்தது. அதன் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் தாங்களே அந்த வெப்சைட்டில் புதிதாகத் தொடங்கினார்கள். ஆளுக்கு ஒரு பாடம் பிரித்துக்கொண்டு கேள்வி அடித்தார்கள். பெரிய சிஸ்டர் அதற்காக ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்து கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வேண்டாம் என்று சொன்ன அதே சிஸ்டர்தான். அவருக்கு என் நன்றியை இங்கே எழுதுகிறேன்.

அவர்கள் அடித்த கேள்விகளில் தப்பு நிறைய இருக்கும். ஒரு நாள் ஒரு ஏணிக் கணக்கு வந்தது. சுவரில் சாய்த்த ஏணி, அதன் நீளம் இவ்வளவு, தரையோடு அறுபது டிகிரி, சுவரின் உயரம் என்ன. நான் போட்டேன். பச்சையைத் தொட்டேன். தப்பு என்று வந்தது. முன்பெல்லாம் தப்பு என்று வந்தால், ஆமாம் தப்பாகத்தான் இருக்கும் என்று அடுத்ததற்குப் போய்விடுவேன். அன்று போக முடியவில்லை. தாளை எடுத்துத் திரும்பப் போட்டேன். பச்சைதான் வந்தது. இன்னும் ஒருமுறை போட்டேன். பச்சையேதான்.

பிள்ளைகள் என்னையும் சேர்த்திருந்த குரூப்பில் என் குரலில் பேசி அனுப்பினேன். "மக்கா, ஏணிக் கணக்குக்கு விடை பச்சையாக்கும். நீங்க சிவப்பக் குடுத்திருக்கிய. பாருங்க."

பிறகு அந்தக் கேள்வியை அடித்த பையன் பேசி அனுப்பினான். "எக்கா, நான் சைனுக்கு பதிலா காஸ் போட்டுட்டேன். உங்களுக்கதுதான் சரி." பின்னாலேயே ஜெனிபாவின் குரல், "எலே, அப்பம் எனக்க மார்க்கு?" என்று அலறியது. அன்றைக்கு அந்தக் கணக்கைச் சரியாக எண்ணினால் ஆக்னஸ் விண்ணரசியைத் தாண்டியிருந்தாள்.

கணக்கில் ஒரு விஷயம் எனக்கு உறுதியாகத் தெரிந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பக்கத்தில் மூச்சு விட ஆளில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பரீட்சை அன்று காலையில் அம்மை சந்தைக்குப் போகவில்லை. என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தாள். தாளைப் பார்த்ததும் என்ன நடந்ததென்று எனக்கு அவ்வளவாக நினைவில்லை. விசிறிச் சத்தமும், எனக்கு முன்னால் இருந்த பெண்ணின் பிச்சிப்பூ மணமும்தான் நினைவிருக்கிறது. எழுதினேன். கடைசி மணி அடிக்கிறவரை எழுதினேன்.

பாஸாகிவிட்டேன். பெரிய மார்க்கு ஒன்றும் இல்லை, நின்றுவிடாமல் தப்பித்தது. ஜெனிபாவும் பாஸ். அவளுக்கு என்னைவிட நிறைய. முடிவு வந்த அன்று வின்சென்ட் அண்ணன் கொச்சியிலிருந்து போன் செய்தார். அதுவரை நான் அவரிடம் பேசியதே இல்லை. "தங்கச்சி, ஒரு நாளு உனக்க போட்டு எனக்க போட்ட முந்திச்சாமே. பிள்ள சொல்லிச்சு. அது கெடக்கட்டும். சாரு இருந்திருந்தா..." என்று தொடங்கினார். எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

இப்போது அங்கன்வாடியில் நான் டீச்சர். மூக்குத் துடைப்பதும் கால் கழுவி விடுவதும் இப்போதும் உண்டு. ஒரு சின்னப் பையன் என்னை "சாரே" என்றுதான் கூப்பிடுகிறான். நான் திருத்துவதில்லை.

வருகிற வாரம் ஜோபினுக்கு ஆண்டு பலிபூசை. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தினமும் செபமாலையில், செத்தவர்களுக்காக வேண்டுகிற இடத்தில் அப்பா பேரைச் சொல்லிவிடுகிறேன். அடுத்து அவன் பேர் வர வேண்டும். அங்கே எனக்கு நாக்கு எழும்புவதில்லை. அம்மைக்கும் எழும்புவதில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு செபமாலையின் அடுத்த மணிக்குப் போய்விடுகிறோம்.

நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி. இன்று விளக்கு வைக்கிற நேரத்தில், எங்களுக்காக, அவன் பேரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள்.